கோதண்டம் கொடுக்காத மன்னிப்பு

ரமாபாய் உரக்கப் பேசி வியாசர்பாடியில் யாரும் கேட்டதில்லை. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு அவள் வந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீர் லாரியின் முன்னே தம் குடத்தை நைசாக நகர்த்தி வைப்பவர்களிடம்கூட, "எட்த்துப் பின்னால வை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவள். ஆகவே, சென்ற ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை மாலையில் அவள் வீட்டிலிருந்து எழுந்த குரலைக் கேட்டு, கீழ்மாடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் கைகழுவக்கூட நில்லாமல் படியேறி வந்துவிட்டார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

செத்தவன் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே செத்திருந்தான். அவன் வாயில் வேறொருவர் ஒரு சொல்லை வைத்துவிட்டார் என்பதே அன்றைய செய்தி.

அந்தச் சொல் ஒரு புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவளுடைய மகன் பீம்ராவ். அவன் எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன், நாற்பத்திரண்டு வயதுக்காரன். அன்று காலை, துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்காக ஓடியாடும் பாஸ்கர் என்பவன் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓர் அழைப்பிதழையும் அந்தப் புத்தகத்தையும் அவன் கையில் திணித்திருந்தான். சங்கத்தின் பழைய செயலாளரும் இருமுறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவருமான அருள்நாதன், தம்முடைய எண்பத்தாறாம் வயதில் தம் வாழ்க்கையை எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இராயபுரத்தில் வெளியீட்டு விழா.

"தலைவரு உங்க நைனாவப் பத்தி எய்திகீறாரு தோஸ்து. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம். அம்மாகிட்ட காட்டு. விழாவுல அம்மாவ மேடையில குந்த வெச்சிப் பொன்னாட போத்துறோம்" என்று பாஸ்கர் சொல்லியிருந்தான்.

தகப்பனின் பெயரை வாக்காளர் பட்டியலில் தவிர வேறெங்கும் அச்சில் பார்த்திராதவன் பீம்ராவ். வண்டியை ஓரங்கட்டி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான். வீட்டுக்கு வந்ததும் தாயிடம் பக்கத்தை விரித்தே நீட்டினான்.

ரமாபாய் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டி, சன்னலோரம் உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள். பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை பார்த்த அவளுடைய தகப்பனார், நாள்தோறும் மாலையில் அவளை உட்காரவைத்து நாளிதழை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். எதையும் எழுத்தெழுத்தாகப் படித்து, பொருள் விளங்கும்வரை அடுத்த வரிக்குப் போகாத பழக்கம் அவளுக்கு அப்படி வந்தது. பக்கம் இவ்வாறு இருந்தது:

"படைக்கலப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்ற மறுத்தான் ஓர் எளிய தொழிலாளி. கோதண்டம் என்பது அவன் பெயர். அன்று நான் அவனைத் துரோகி என்றேன். அவன் சரி, நான் தவறு. 2016ஆம் ஆண்டு, அரசு மருத்துவமனையில் சாவுப் படுக்கையில் அவனைக் கண்டேன். அவன் கையைப் பற்றிக்கொண்டு அழுதேன். அவன் பழைய கதைகளை ஒரு மணி நேரம் பேசினான், சிரித்தான். இறுதியில், 'தலைவரே, உங்களை எப்போதோ மன்னித்துவிட்டேன்' என்றான். என் முப்பதாண்டுப் பாரம் அந்த நொடியில் இறங்கிற்று."

கீழ்மாடிப் பெண்கள் கேட்ட குரல் அப்போது எழுந்ததுதான்.

"பொய்! அத்தினியும் பொய்!"

"இன்னாமா? இன்னா ஆச்சி?" என்று பீம்ராவ் பதறினான்.

"உங்க நைனா செத்தது எந்த வருசம்?"

"ரெண்டாயிரத்திப் பத்து."

"எங்க?"

"இந்த வூட்லதான். தோ, அந்த மூலையில."

"அப்போ பதினாறுல ஆஸ்பத்திரியில பட்த்துகினு இருந்தவன் யாரு? ஒரு மணி நேரம் பேசினாராம்! உங்க நைனா கல்யாணம் ஆன நாள்லருந்து என்கிட்ட பேசினதெல்லாம் சேத்தாலும் ஒரு மணி நேரம் வராதுடா!"

வாசலில் நின்ற பெண்களுள் ஒருத்தி சிரித்துவிட்டு, ரமாபாயின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வருசம் மாத்தி எய்திகீறாருபோல. வயசாய்டிச்சி இல்ல?" என்றான் மகன்.

"வருசத்த மாத்துனா பரவால்ல. மனுசன மாத்திட்டான்."

அவள் சினத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் 1987ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஆடி மாதத்தில் இந்தியப் படை இலங்கைக்குப் புறப்பட்டபோது, துறைமுகத்து ஏழாம் கேங்கில் பதினான்கு பேர் மூட்டை ஏற்றினார்கள். அரிசி, பருப்பு, கூடாரத் துணி. அங்கே அடிபடும் தமிழர்களைக் காக்கத்தான் படை போகிறது என்று வாயிற்கதவருகே லாரிமேல் நின்று அருள்நாதன் முழங்கினார். எல்லாரும் நம்பினார்கள். அந்தக் கேங்கில் ஒருவனான கோதண்டமும் நம்பினான். கணவனுக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போன ரமாபாயும், இடுப்பில் நான்கு வயதுப் பிள்ளையோடு அங்கே நின்று கை தட்டினாள். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

இரண்டு மாதங்களில் செய்தி மாறிற்று. காக்கப் போன படை, போன இடத்தில் போரிடத் தொடங்கியது. ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு பகல் ஷிப்டில் மூட்டைகளுக்குப் பதிலாக மரப்பெட்டிகள் வந்தன. கோதண்டம் ஒரு பெட்டியைப் புரட்டிப் பார்த்தான். பிறகு கேங்கின் மேஸ்திரியான இக்னேஷியஸைப் பார்த்தான்.

"மேஸ்திரி, இது யாரு தலையில வியும்?"

"நமக்கு இன்னாத்துக்குடா அது? பொட்டின்னா ஏத்து, அவ்ளோதான்."

கோதண்டம் தோளில் தொங்கிய, மூட்டை தூக்கும் கொக்கியைக் கழற்றித் தரையில் வைத்தான். "நான் ஏத்த மாட்டேன்" என்றான். அதற்குமேல் அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விளக்கம் சொல்லவில்லை, மற்றவர்களையும் ஏற்றாதே என்று தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அரை மணி நேரத்தில் அருள்நாதன் வந்தார். லாரிமேல் ஏறினார். "எல்லையில் இரத்தம் சிந்தும் வீரனுக்குத் தோட்டா எடுத்துக் கொடுக்க மறுக்கும் கை, எதிரியின் கை!" என்றார். கோதண்டத்தின் சங்க அட்டையை அங்கேயே வாங்கி, எல்லாரும் பார்க்க இரண்டாகக் கிழித்தார். கேங்கு ஆட்கள் கை தட்டினார்கள். அன்றும் ரமாபாய் சோற்றுத் தூக்கோடு கதவருகே நின்றிருந்தாள். இந்தத் தடவை அவள் தட்டவில்லை.

சங்கத்து அட்டை இல்லாதவனுக்குத் துறைமுகத்தில் வேலை இல்லை. கோதண்டம் மூலக்கொத்தளத்தில் கைவண்டி இழுத்தான். கொடுங்கையூரில் குப்பை பிரித்தான். எண்ணூரில் பல ஆண்டுகள் நிலக்கரிச் சாம்பல் அள்ளினான். அந்தச் சாம்பல் அவன் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது. ரமாபாய் காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனாள். நாள் முழுதும் பனிக்கட்டித் தண்ணீரில் கிடந்த அவளுடைய விரல்நுனிகளில் ரேகையே அழிந்துவிட்டது. தெருக்குழாயடியில் அவளுக்கு இரண்டு ஆண்டுகள்வரை ஒரே பெயர்தான்: துரோகி பொண்டாட்டி. அவள் குடம் எப்போதும் கடைசியில் இருந்தது.

1990இல் படை திரும்பி வந்தது. அதற்குள் ஊரே போரை ஏசிக்கொண்டிருந்தது. மாறியவர் அருள்நாதன் ஒருவர் மட்டும் அல்லர். படையை வழியனுப்பிப் பேசியவர்களில் பாதிப்பேர் அதே வாயால் படையைச் சபித்தார்கள். மீதிப்பேர் தாம் பேசியதையே மறந்துபோனார்கள். அருள்நாதன் அதே கதவருகே அதே லாரிமேல் ஏறி, "இந்தப் போர் அநீதியான போர் என்று என் மனச்சாட்சி அன்றே சொல்லிற்று" என்றார். கூட்டம் கை தட்டியது.

அந்தச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்தவள் ரமாபாய். தலைவர் மாறிவிட்டார், இனி அட்டை திரும்பிவிடும் என்று நம்பினாள். தன் கையாலேயே மனு எழுதி, ஏழு வயதுப் பீம்ராவைக் கூட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனாள். அருள்நாதன் மனுவை முழுக்கப் படித்தார். பிறகு அதை மடித்து அவளிடமே நீட்டினார்.

"போரப் பத்தின கொள்க வேற, தங்கச்சி. சங்கத்து ஒழுங்கு நடவடிக்க வேற. அன்னிக்கி சங்கம் எடுத்த முடிவ அவன் மீறுனான். அது இன்னிக்கும் தப்புதான்."

"நீங்களே அந்த முடிவு தப்புன்னு பேசினீங்களேண்ணா?"

"நான் மாத்திக்கிட்டேன். அதுக்காக அவன் மீறுனது இல்லைன்னு ஆயிடுமா?"

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். கோதண்டம் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "சரி, சோறு போடு" என்றான். அவன் கடைசிவரை அருள்நாதனைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. ஆனால் தேர்தல் சமயத்தில் அருள்நாதனின் ஆட்கள் கைகூப்பிக்கொண்டு தெருவுக்குள் வரும்போதெல்லாம், எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துவான். இருபத்துமூன்று ஆண்டுகள் அந்தக் கதவு அப்படிச் சாத்தியே இருந்தது. அந்தக் கதவைத்தான் இப்போது ஒரு புத்தகம் அவனைக் கேளாமல் திறந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ரமாபாய் பேருந்து ஏறி இராயபுரம் போனாள். மேஸ்திரி இக்னேஷியஸ் மாதா கோயில் பின்சந்தில், எண்பத்திரண்டு வயதில், வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தேநீரில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தார். பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு இருமலாக மாறி, ரமாபாய் முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

"இன்னாண்ணே சிரிப்பு? எனக்கு வவுறு எரிஞ்சிகினுகீது."

"தங்கச்சி, நம்ம கேங்குல எத்தினி கோதண்டம்?"

அவள் ஒரு நொடி திகைத்தாள். "ரெண்டு. எங்க வூட்டுக்காரரு ஒண்ணு. அந்தக் கொடுங்கையூராரு..."

"ரேடியோ கோதண்டம்! வாயத் தொறந்தா மூட மாட்டான்னு நாமதான பேரு வெச்சோம்? பதினாறுல ஆஸ்பத்திரியில பட்த்துகினு இருந்தவன் அவன்தான். நான் பாக்கப் போயிருந்தேன். 'மேஸ்திரி, நேத்து தலைவரு வந்தாரு, என் கையப் புட்ச்சிகினு ஓன்னு அய்வுறாரு, மன்னிச்சிடு மன்னிச்சிடுன்றாரு. இன்னாத்துக்குன்னே தெரியல. வயசான மனுசன், பாவமா இருந்துச்சி. மன்னிச்சிட்டேன், போய்ட்டு வான்னு அனுப்சிட்டேன்'னான்."

ரேடியோ கோதண்டத்தை ரமாபாய்க்குத் தெரியும். அந்த ஐப்பசிப் பகலில் அவன்தான் முதல் பெட்டியை ஏற்றினான். அட்டை கிழிந்தபோது முதலில் கை தட்டியவனும் அவன்தான். கெட்டவன் அல்லன். யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவன்.

"அவர எங்க வூட்டுக்காரருன்னு நெனைச்சா தலைவரு போனாரு? மூஞ்சி கூடவா தெரியாது?"

"மூஞ்சிய எப்போ பாத்தாரு? லாரி மேல நின்னா எல்லாத் தலையும் ஒண்ணுதான். ஆளு விட்டு சங்கத்து லிஸ்ட்டுல தேடச் சொல்லிகீறாரு. ஏயாம் கேங்கு, பேரு கோதண்டம். லிஸ்ட்டுல ஒரு கோதண்டம்தான இருப்பான்?" இக்னேஷியஸின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "இன்னொருத்தன் பேரத்தான் இவரே அடிச்சிட்டாரே."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மேஸ்திரி சொன்னார்:

"அதுவுமில்லாம, தனியா போயி கையப் புடிச்சா ஆயிடுமா? கேங்குலருந்து ஒதுக்கின ஆளத் திரும்பச் சேக்கணும்னா, அவன் கொக்கிய மத்த பதிமூணு பேரும் கை மாத்திக் குட்த்து, கடைசில ஒதுக்கினவன்தான் அவன் தோள்ல மாட்டணும். ஒருத்தன் வாங்காம வுட்டாலும் செல்லாது. அது இவருக்குத் தெரியாதா? எத்தினி தபா பக்கத்துல நின்னு பாத்துகீறாரு! உங்க ஆளுக்கு அத்தப் பண்ண ஒருத்தனுக்கும் தெம்பு இல்ல." குரல் தணிந்தது. "எனக்கும் இல்ல."

"நீங்களும்தான் அன்னிக்கி தட்டினீங்க அண்ணே" என்றாள் ரமாபாய்.

"தட்டினேன்" என்றார் இக்னேஷியஸ். அவர் சாக்குச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லை ரமாபாய் மதித்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தாய்க்கும் மகனுக்கும் சண்டை வந்தது. பீம்ராவ் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினான்.

"மத்தவனெல்லாம் வாயத் தொறக்காமலே போய்ச் சேந்துட்டான். அன்னிக்கி அப்டி பேசுனேன், இன்னிக்கி இப்டி பேசுறேன்னு எவனாவது எய்தி வெச்சானா? இவரு ஒருத்தருதான் 'நான் தவறு'ன்னு அச்சுல போட்டுகீறாரு. அத்தக் கூட ஒத்துக்க மாட்டியா?"

"ஒத்துக்கறேன்."

"அப்பால இன்னா பேஜாரு? ஆள் மாறிப்போச்சி. வயசானவரு. சொன்னா திருத்திப்பாரு. நாளிக்கி மேடையில வெச்சி அசிங்கப்பட்த்தணுமா?"

"பீமு, மனுசன் மாறக் கூடாதுன்னு நான் சொல்லல. நான் மாறலியா? ஆடி மாசம் தட்டினேன், ஐப்பசில தட்டல. மாறட்டும். ஆனா மாறுனவன் முதல்ல இன்னா செய்யணும்? தான் ஒடச்சத ஒட்ட வெக்கணும். தொண்ணூறுல இவரு மாறுனாரு. உங்க நைனா அட்ட மாறல. அட்டையத் தராம வெச்சிகினு, இப்போ மன்னிப்ப மட்டும் எட்த்துக்கினாரு. தப்பு பண்ணவரும் அவரு, தீர்ப்பு எய்தினவரும் அவரு, மன்னிச்சதா கையெழுத்தும் அவரே போட்டுக்கினாரு. நமக்கு இன்னாடா மிச்சம்?"

பீம்ராவ் தள்ளிவைத்த தட்டை மறுபடி அருகே இழுத்துக்கொண்டான்.

"உங்க நைனாவுக்குச் சொத்து ஒண்ணும் இல்ல. 'மாட்டேன்'ன்னு ஒரு சொல்லு. அவ்ளோதான் அவரு வெச்சிட்டுப் போனது. அத்தயும் 'சரி'ன்னு மாத்திட்டாங்கன்னா, அவரு இருந்ததே இல்லன்னு ஆயிடும்."

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இராயபுரத்துக் கல்யாண மண்டபம் நிரம்பியிருந்தது. வாசலில் ஒரு நீள மேசைமேல் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. மேடையில் அருள்நாதன் சக்கர நாற்காலியில், வெள்ளைச் சட்டையில், இளைத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். ஒருவர்பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். போரை ஆதரித்ததைத் தவறென்று ஒப்புக்கொள்ள எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்றார் ஒருவர். மாறத் தெரிந்தவரே தலைவர் என்றார் இன்னொருவர். அன்றே மறுத்து, கடைசிவரை மாறாதவனைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தலைவரை மன்னிப்பதற்காக மட்டும் வந்து போனான்.

முன்வரிசையில் ரமாபாய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு பக்கத்தில் பீம்ராவ், மறுபக்கத்தில் இக்னேஷியஸ்.

பாஸ்கர் ஒலிவாங்கியைப் பிடித்தான். "இப்போது, தியாகி கோதண்டம் அவர்களின் துணைவியார் மேடைக்கு வருமாறு அன்போடு அழைக்கிறோம்!"

துரோகி என்றவர்களே தியாகி என்கிறார்கள். இரண்டையும் அவனைக் கேட்டுச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ரமாபாய் படியேறினாள். பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்த பாஸ்கரின் கையைத் தடுத்தாள்.

"அத்த வெச்சிட்டு மைக்க குடு, நைனா."

அவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். நன்றி சொல்லப் போகிறாள் என்று எல்லாரும் கை தட்டினார்கள். அவள் ஓயும்வரை காத்திருந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு தலைவர மன்னிக்கல."

பாஸ்கர் ஒலிவாங்கியை வாங்கக் கை நீட்டினான்; அவள் விலகி நின்றாள்.

"அவரு ரெண்டாயிரத்திப் பத்துல, வியாசர்பாடியில, என் மடியில செத்துட்டாரு. பதினாறுல நீங்க கையப் புட்ச்சது வேற கோதண்டம். பொட்டி ஏத்துன கோதண்டம். அட்டையக் கியிச்சப்போ உங்களுக்குக் கை தட்டுன கோதண்டம். அவரு உங்கள மன்னிக்க அவர நீங்க இன்னா பண்ணீங்க?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அருள்நாதனின் உதடுகள் அசைந்தன. பாஸ்கர் ஓடிப்போய் இன்னோர் ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடித்தான்.

"பட்டியலப் பாத்துத்தானேம்மா போனேன்... ஒரே ஒரு கோதண்டம்தான் இருந்தான்."

"ரெண்டு பேரு இருக்க மாட்டாங்க. இன்னொருத்தரு பேர நீங்கதான அடிச்சீங்க?"

முதியவர் கண்களை மூடிக்கொண்டார். அந்த வெட்கம் பொய்யில்லை என்பது ரமாபாய்க்குத் தெரிந்தது. அந்த நொடியில் அவளுக்குள் ஏதோ சற்று இளகியிருக்கவும் கூடும். ஆனால் கண்ணைத் திறந்த அருள்நாதன் அவளைப் பார்க்கவில்லை; கூட்டத்தைப் பார்த்தார். அறுபது ஆண்டுப் பழக்கம் அவரைத் தூக்கி நிறுத்திற்று. தளர்ந்த குரல் மேடைக் குரலாயிற்று.

"தோழர்களே! நான் மீண்டும் ஒரு தவறு செய்திருக்கிறேன். இந்தத் தாயின் முன்னால், உங்கள் அனைவர் முன்னால், வெட்கமின்றி அதை ஒப்புக்கொள்கிறேன்!"

கை தட்டல் இடிபோல எழுந்தது. சிலர் எழுந்தே நின்றார்கள். "தலைவர் வாழ்க" என்று ஓர் இளைஞன் கத்தினான். ரமாபாய் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். படை போனபோது கேட்ட ஓசை. அட்டை கிழிந்தபோது கேட்ட ஓசை. படையை ஏசியபோது கேட்ட ஓசை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த மனிதருக்கு அதே ஓசைதான் கிடைத்திருக்கிறது. கோதண்டம் ஒரே பக்கமாக நின்றான். அவனுக்கு ஒரு தடவையும் கிடைக்கவில்லை.

"தட்டாதீங்க!" என்று அவள் கத்தினாள். ஒலிவாங்கி கிறீச்சிட்டது. "இதுல தட்டறதுக்கு இன்னா கீது?"

அருள்நாதன் கைகூப்பினார். "நீங்களாவது மன்னிச்சிடுங்கம்மா."

"எனக்குப் பண்ணதுக்கு நான் சொல்லலாம், இன்னும் மனசு வரல. அவருக்குப் பண்ணதுக்கு அவருதான் சொல்லணும். அது என்கிட்ட இல்ல. என் புள்ளைகிட்டயும் இல்ல. கேக்கறதுக்கு உங்களுக்கு இருவத்திமூணு வருசம் இருந்துது. இராயபுரத்துலருந்து வியாசர்பாடிக்கு எத்தினி பஸ்ஸு வருது, தலைவரே?"

அருள்நாதனின் கூப்பிய கைகள் மடிக்கு இறங்கின.

"அந்தப் பக்கத்துலருந்து மன்னிப்ப எட்த்துடுங்க."

"அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன். வாக்குத் தருகிறேன்."

"ஆமாம்மா, செகண்ட் எடிஷன்ல கண்டிப்பா" என்று பாஸ்கர் அவள் முழங்கையைப் பிடித்து மெல்லத் திருப்பினான்.

"இன்னிக்கி வாங்கினு போறவங்க வூட்ல?" என்று கேட்டாள் ரமாபாய். அவள் ஒலிவாங்கியை நாற்காலிமேல் வைத்துவிட்டு, பாஸ்கரின் கையை உதறிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி, நடு வழியில் நடந்து வாசல் மேசைக்குப் போனாள். விற்பனைக்கு உட்கார்ந்திருந்த பெண்ணின் முன்னால் கிடந்த பேனாவை எடுத்தாள். மேலேயிருந்த புத்தகத்தைப் பிரித்தாள்.

"ஆயா, இன்னா பண்ற? புது புக்கு!" என்று அந்தப் பெண் அலறினாள்.

ரமாபாய் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை விரித்து, மேலிருந்து படித்தாள். "அவன் சரி, நான் தவறு" என்ற வரியை அவள் தொடவில்லை. அது உண்மை, அது இருக்கட்டும். "2016ஆம் ஆண்டு" என்பதில் பேனாவை வைத்து, "இறங்கிற்று" என்பதுவரை ஒவ்வொரு வரியாக அழுத்தி அடித்தாள். மூடிவைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

பாஸ்கர் மூச்சிரைக்க ஓடிவந்தான். "யம்மா! இன்னா கலீஜ் பண்ணிகினுகீற? விழாமா இது! டேய் பீம்ராவ், உங்க அம்மாவ இட்டுனு போடா! போலீஸு கீலீஸுன்னு ஆயிடப் போவுது!"

பீம்ராவ் வந்தான். தாயின் அருகே வந்து நின்று, கோடடித்த பக்கத்தைப் பார்த்தான். அவன் பெருமையோடு இரண்டு தடவை படித்த பக்கம் அது.

"இட்டுனு போடான்றேன்!" என்றான் பாஸ்கர்.

"இரு தோஸ்து, அவசரப்படாத" என்றான் பீம்ராவ். மேசையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான். அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடி விரித்து, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துத் தாயின் முன்னால் வைத்தான். அவள் அடித்து முடிக்குமுன் இன்னொன்றை விரித்துவைத்தான். இக்னேஷியஸ் மெதுவாக நடந்து வந்து, தாம் வாசலில் வாங்கியிருந்த பிரதியை வரிசையின் கடைசியில் வைத்தார். வாங்கிக்கொண்டு வெளியே போன ஒருவர் வாசற்படியிலேயே நின்று, தம் புத்தகத்தைப் பார்த்து, திரும்பி வந்து மேசைமேல் அதை நீட்டினார்.

மேடையில் அடுத்த பேச்சாளர் எழுந்துவிட்டார். தம் நூலின் பிழையைத் தாமே மேடையில் ஒப்புக்கொண்ட தலைவரின் பெருந்தன்மையைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். உள்ளே மறுபடியும் கை தட்டினார்கள்.

ரமாபாய் தலை நிமிரவில்லை. பேனா பக்கத்தைக் கிழித்துவிடுமோ என்னும்படி கடைசி வரியை அடித்தாள்.

"அடுத்தத வை" என்றாள் மகனிடம்.